பாய் – ஒரு கடற்சொல்லின் பயணம்

தோற்றுவாய்

ஒரு மொழியின் செல்வம் அதன் அரிய சொற்களில் மட்டும் அடங்குவதில்லை. நாள்தோறும் நாவில் புரளும் எளிய சொற்களிலும் அச்செல்வம் மறைந்து கிடக்கின்றது. புழக்கம் மிகுந்த காரணத்தாலேயே அவற்றை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. 'பாய்' என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. ஓரசை, இரண்டெழுத்து, ஓர் உயிர்மெய்யும் ஒரு மெய்யும். ஆயினும் கடலிலே காற்றை ஏந்துவதும் அது. வீட்டிலே உடலைத் தாங்குவதும் அது. வயலிலே நீராய் ஓடுவதும் அது. கடைத்தெருவிலே ஒரு மனிதரை அழைக்கும் விளியும் அது. இந்நான்கும் ஒரே சொல்லா, வெவ்வேறு சொற்களா? ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையன? கப்பற்பாய் கடலினின்று மறைந்துவரும் இக்காலத்தில் அச்சொல்லின் நிலை யாது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேரும் உறவும்

'பாய்' வினையாக வரும்போது தாவுதல், விரைந்தோடுதல், ஒழுகுதல், ஊடுருவுதல், பரவுதல் முதலிய பொருள்களைத் தரும். பெயராக வரும்போது விரிப்பையும் கப்பற்பாயையும் குறிக்கும். பரப்பி விரிக்கப்படுவது பாய் எனக் கொண்டால், வினையும் பெயரும் ஒரு வேரில் கிளைத்தவை என்று கருத இடமுண்டு.

இனமொழிகளை நோக்கின் இவ்வுறவு மேலும் தெளிவுறும். மலையாளத்தில் விரிப்பு 'பாய', பாய்மரக் கப்பல் 'பாய்க்கப்பல்', விரைந்தோடுதல் 'பாயுக'. கன்னடத்தில் சொன்முதற் பகரம் காலப்போக்கில் ஹகரமாயிற்று. நம் பால் அங்கே 'ஹாலு', பாம்பு 'ஹாவு'. அவ்வாறே கப்பற்பாய் 'ஹாயி' ஆயிற்று. பாய்மரப் படகு 'ஹாயிதோணி' எனப்படும். தெலுங்கு வேறு சொல்லால் இதே கருத்தைச் சொல்கின்றது. அம்மொழியில் விரிப்புக்குப் பெயர் 'சாப'. கப்பற்பாய்க்குப் பெயர் 'தெரசாப'. தெர என்பது திரை. திரைபோல் தொங்கும் பாயே தெலுங்கருக்குக் கப்பற்பாய்.

சொல் வேறுபட்ட இடத்தும் கருத்து ஒன்றாக நிற்பது தற்செயலன்று. இதற்குப் பொருள்சார்ந்த காரணம் ஒன்றுண்டு. பருத்தித் துணியாலான பாய் எங்கும் பரவுமுன், இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் ஓலையாலும் புல்லாலும் முடைந்த பாய்களையே மரக்கலங்களில் கட்டினர். கிழக்காப்பிரிக்கக் கரையில், ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட 'மிதேபே' என்னும் கலம், அண்மை நூற்றாண்டு வரையில் முடைந்த பாயை விரித்தே ஓடியது. சீனக் கலங்களிலும் முடைந்த பாய்கள் இருந்தன. ஆகவே தரையில் விரித்ததும் மரத்தில் ஏற்றியதும் ஒரே பொருளாக இருந்த காலத்தின் நினைவையே நம் சொல் இன்றும் சுமந்து நிற்கின்றது எனலாம்.

சங்கப் புலவர் கண்ட பாய்

சங்க நூல்களில் கப்பற்பாயைக் குறிக்க இரு சொற்கள் காணப்படுகின்றன. ஒன்று 'இதை', மற்றொன்று 'பாய்'. பாய் கட்டும் மரத்துக்கு அக்காலப் பெயர் 'கூம்பு'.

மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் 'இதை' என்னும் சொல்லை ஆள்கின்றார். கட்டுத்தறியை முறித்துக்கொண்டு, பாகனுக்கும் அடங்காது திரியும் மதயானைக்கு அவர் காட்டும் உவமை, புயலில் அகப்பட்ட நாவாய். கயிறு அறுந்து, இதை கிழிந்து, கூம்பு முறிந்து, சுழியில் அகப்பட்டுத் திரியும் கலத்தை அவர் அடுக்கிக் காட்டும்போது, கப்பலின் உறுப்புகளை அறிந்த ஒருவர் பேசுவதை உணர்கின்றோம்.

சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புறநானூற்றின் முப்பதாம் பாட்டில் 'மீப்பாய்' என்னும் சொல்லைப் பயன்படுத்துகின்றார். கூம்பினின்று மேற்பாயைக் களையாமலும், ஏற்றிய பாரத்தைக் குறைக்காமலும் பெருங்கலங்கள் புகாரின் துறைக்குள் புகுந்தன என்பது அவர் தரும் செய்தி. பாயை இறக்கிப் பாரத்தைக் குறைத்தே ஆற்றுமுகத்துள் நுழைய வேண்டும் என்பது கலம் செலுத்துவோர் பொதுவில் கொள்ளும் எச்சரிக்கை. அத்தகைய எச்சரிக்கைக்கே இடமின்றிப் புகாரின் முகத்துவாரம் ஆழமாக இருந்தது என்பதைப் புலவர் எதிர்மறையால் விளங்க வைக்கின்றார். துறைமுகத்தின் சிறப்பைச் சொல்ல ஒரு பாய் போதுமானதாக இருந்தது!

இவ்விரு சொற்களின் பிற்கால வரலாறு சிந்திக்கத்தக்கது. 'இதை' கப்பற்பாய் என்னும் பொருளை இழந்தது. இன்று அவ்வடிவம் 'இது' என்பதன் இரண்டாம் வேற்றுமையாக மட்டுமே நமக்குத் தெரியும். குலசேகராழ்வார், கரை காணாது மீண்டும் கப்பலின் உச்சியையே அடையும் பறவையைத் தமக்கு உவமையாக்கும்போதும் 'கூம்பு' வழக்கில் இருந்தது. பின்னர் அதனிடத்தைப் 'பாய்மரம்' பிடித்துக்கொண்டது. பாய் மட்டும் நிலைத்தது. வீட்டிலும் அதற்கு வேலை இருந்ததே அது நிலைத்ததற்குரிய காரணங்களுள் ஒன்றாகலாம்.

கரையோரத்து வழக்கு

நூல்வழக்கை விட்டுத் துறைவழக்குக்கு வருவோம். பாய் விரித்தல், பாய் ஏற்றுதல், பாய் இறக்குதல், பாய் சுருட்டுதல் என்பன கலம் செலுத்துவோரின் அன்றாட வினைகள். பாயைத் தாங்கிக் குறுக்கே நிற்கும் மரம் 'பருமல்'. பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு 'தாமான்'. இக்கயிற்றை இறுக்குவதிலும் தளர்த்துவதிலுமே பாயோட்டத்தின் நுட்பமெல்லாம் அடங்கியுள்ளது. காற்று முதுகுப்புறம் வீசும்போது கலம் செல்வதில் வியப்பில்லை. காற்று பக்கவாட்டில் வீசும்போதும், முக்கோணப் பாயைச் சாய்த்துப் பிடித்து முன்னோக்கிச் செல்ல முடியும். காற்று நேரெதிராக வீசினால், பாயை ஒருமுறை இப்புறமும் மறுமுறை அப்புறமும் மாற்றிக் குறுக்கும் நெடுக்குமாகச் சென்று இலக்கை அடைவர்.

கட்டுமரக்காரர்கள் துணிப்பாயைத் துவர்ப்புள்ள மரப்பட்டைச் சாற்றில் நனைத்து உலர்த்துவர். உப்பும் ஈரமும் நூலை மக்கச் செய்யாதிருக்கும் பொருட்டு. ஓட்டத்தின்போது பாயின்மேல் கடல்நீரை வாரி இறைப்பதும் உண்டு. நனைந்த துணியின் கண்கள் அடைபட்டுக் காற்று உள்ளே புகுந்து வீணாகாது. பாடநூல் எதுவும் கற்பிக்காத இயற்பியல் இது.

காற்றின் பெயர் தெரியாதவர்க்குப் பாயால் பயனில்லை. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை என்பது நூல்வழக்கு. மேல்காற்றைக் 'கச்சான்' என்பதும், தென்திசைக் காற்றைச் 'சோழகம்' என்பதும் கரையோர வழக்குகள். ஆண்டுக்கு இருமுறை திசைமாறும் பருவக்காற்றைக் கணித்தே அரபு நாட்டுக் கலங்களும் நம் கலங்களும் இப்பெருங்கடலைக் கடந்தன. பருவம் என்னும் பொருளுடைய 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே மேனாட்டார் வாயில் 'மான்சூன்' ஆயிற்று.

காற்று கலங்களை மட்டுமன்றிச் சொற்களையும் சுமந்து வந்தது. கற்பிப்பவர், வழிகாட்டி என்னும் பொருளுடைய 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லே தமிழில் 'மாலுமி' ஆயிற்று என்பர். 'சுக்கான்' அரபு மொழியினின்று வந்தது. கப்பல் தலைவனைக் குறிக்கும் 'நகுதா' பாரசீகச் சொல். தோணித் தலைவனைத் தூத்துக்குடியில் 'தண்டல்' என்றும், வல்வெட்டித்துறை போன்ற ஈழக் கரைகளில் 'தண்டையல்' என்றும் வழங்கினர். இவ்வளவு பிறமொழிச் சொற்கள் கலத்தில் ஏறிய பின்னரும், பாய் தன் தமிழ்ப் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. அரபியின் 'ஷிராஉ' தமிழ்க் கரையின் பேச்சில் பாயின் இடத்தைப் பெறவில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களின் பழங்குடும்பங்களுக்குப் பாயோட்டம் பிழைப்பாகவும் பெருமையாகவும் இருந்தது. நியூசிலாந்துத் தீவில் 1836ஆம் ஆண்டையொட்டி, கொலென்சோ என்னும் சமயப் பணியாளர், மாவோரி மக்கள் கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய வெண்கல மணி ஒன்றைக் கண்டார். அதன் விளிம்பில் தமிழ் எழுத்துகள் இருந்தன. முகைதீன் வக்குசு என்பவரின் கப்பலுக்குரிய மணி அது என்பதை அவ்வெழுத்துகள் தெரிவித்தன. அக்கப்பல் எங்கே, எவ்வாறு அழிந்தது என்பது தெளிவாகவில்லை. மணி இன்று வெல்லிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளுடன் கடல்கள் பல கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மரமும் கயிறும் பாயும் கொண்டு நம்மவர் எத்துணைத் தொலைவு சென்றனர் என்பதற்கு இவை சான்றுகள்.

கடலைவிட்டு நிலத்தில் ஏறிய ஒரு வழக்கும் உண்டு. நாகூர் தர்காவின் கந்தூரி விழாவில், கொடியேற்றத்துக்கு முன்னதாக மினாராக்களில் 'பாய்மரம் ஏற்றும்' நிகழ்ச்சி நடைபெறுகின்றது. கப்பல் வடிவில் அலங்கரித்த ஊர்திகளும் கொடி ஊர்வலத்தில் வருகின்றன. கடலோடிகளின் சொல் ஒரு விழாவின் சொல்லாக நிலைபெற்றமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வீட்டுப் பாய்

கோரைப்பாய், ஓலைப்பாய், ஈச்சம்பாய், பிரப்பம்பாய் எனச் செய்பொருளாலும், பந்திப்பாய், தொழுகைப்பாய் எனப் பயனாலும் பாய்கள் பெயர் பெறும். சிறிய பாய் 'தடுக்கு'. ஈழத்தின் கிழக்குப் பகுதியில் 'பன்' என்னும் புல்லால் பின்னுவது 'பன்பாய்'. ஓலையை முடைவர், கோரையை நெய்வர். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, நுண்ணிதாகக் கிழித்து, சாயம் ஏற்றி நெய்யும் பாய் பட்டுத்துணிபோல் மடியும். இக்கலையைத் தலைமுறைகளாகப் பேணி வருவோர் அவ்வூரின் முஸ்லிம் நெசவாளர்கள். அப்பாய் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

பாய் நம் பண்பாட்டின் அளவுகோலாகவும் விளங்குகின்றது. வந்தவருக்குப் பாய் விரித்தல் வரவேற்பு. பாயைச் சுருட்டுதல் புறப்பாடு. பாயோடு பாயாகக் கிடத்தல் தீரா நோய். 'நீ பாய்க்கடியில் நுழைந்தால் நான் கோலத்துக்கடியில் நுழைவேன்' என்னும் பழமொழி, ஏமாற்றுவோனை விஞ்சும் திறமையைச் சுட்டுகின்றது. பந்திப்பாயில் செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் அமர்வர். பள்ளிவாசல் பாயிலும் அவ்வாறே.

வினைச்சொல்லின் வீச்சு

வினையாகிய 'பாய்' இன்றைய வழக்கில் நாளுக்கு நாள் வளர்ந்து வருகின்றது. உழவர் நீர் பாய்ச்சுகின்றனர். மாலுமியர் நங்கூரம் பாய்ச்சுகின்றனர். 'தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும்', 'புலி பதுங்குவது பாய்ச்சலுக்கே' என்பன முதியோர் மொழிகள். தமிழ்நாட்டில் நீளந்தாண்டுதல் எனப்படும் விளையாட்டு ஈழத்தில் 'நீளம் பாய்தல்'. செய்தித்தாள்களில் தோட்டா பாய்கின்றது, மின்சாரம் பாய்கின்றது. ஏன், சட்டமும் பாய்கின்றது!

அறிவியல் தமிழும் இவ்வேரை நன்கு பயன்படுத்திக் கொண்டது. நீர்மம், வளிமம் இரண்டையும் அடக்கும் சொல்லாகப் 'பாய்மம்' பாடநூல்களில் இடம்பெற்றது. 'மின்பாயம்', 'காந்தப்பாயம்' என்பனவும் அவ்வேரில் தோன்றியவையே. கலைச்சொல்லாக்கத்துக்கு வெளியே தேட வேண்டுவதில்லை, வீட்டுப் பாயைத் தூக்கிப் பார்த்தாலே போதும் என்பதை மாணவர் இதனால் அறியலாம்.

விளியாகிய பாய்

இனி, கடைத்தெருப் 'பாய்'. இது மேற்கூறியவற்றோடு தொடர்பற்ற வேற்றுச் சொல். உடன்பிறந்தான் என்னும் பொருளுடைய 'பாயி' என்ற உருது, இந்திச் சொல்லே தமிழில் இவ்வாறு குறுகிற்று. தமிழ் எழுத்தில் ஒலிவேறுபாடு தோன்றாமையால் இரண்டும் ஒருவடிவாயின.

தமிழ் முஸ்லிம்களின் வீடுகளில் அண்ணனை அழைக்கும் சொற்கள் வேறு. காயல்பட்டினம், கீழக்கரைப் பகுதியில் 'காக்கா'. நாகூர், காரைக்கால் பகுதியிலும் ஈழத்திலும் 'நானா'. உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் 'அண்ணன்'. 'பாய்' பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த விளி. உருது பேசாதவரையும் அது அழைக்கின்றது. அன்போடு அழைக்கும்போது அதில் சகோதரன் என்னும் மூலப்பொருள் மணக்கின்றது. 'அந்தப் பாய்' என்று பெயரை மறைத்துச் சுட்டும்போது அச்சொல்லே ஒரு வேலியாகிவிடுகின்றது. சொல் ஒன்றே, அழைப்பவரின் உள்ளமே அதன் பொருளை முடிவு செய்கின்றது. சமூகத்துக்கு அடையாளமாகச் சூட்டப்பட்ட பாய் அண்மைக் காலத்தது. அச்சமூகத்துக் கடலோடிகள் கையாண்ட பாய் மிகப் பழையது. பின்னதை நினைவூட்டுவது நம் கடமை.

இலக்கணம் இங்கே ஒரு சுவையான உதவி செய்கின்றது. பாய் விற்கும் கடையைப் 'பாய்க்கடை' என வல்லொற்று மிகுத்து எழுத வேண்டும். முஸ்லிம் வணிகரின் கடையையோ, 'பாய் கடை' என மிகாமல் எழுத வேண்டும். உயர்திணைப் பெயரின் ஈற்று மெய் முன் வல்லினம் வந்தால் இயல்பாகும் என்பது நன்னூல் விதி. பாய்க்கப்பல், பாய்த்துணி என அஃறிணைப் பெயர் மிகும். பாய்புலி, பாய்பரி என வினைத்தொகை மிகாது. ஒரே ஒரு 'க்' பொருளையும் மனிதரையும் பிரித்துக் காட்டிவிடுகின்றது. சந்தி தேவையில்லை என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நிறைவுரை

காலப்போக்கில் நம் மீன்பிடி கலங்களில் இயந்திரம் பெருகியது. தூத்துக்குடித் தோணிகளும் இயந்திரத்தால் ஓடத் தொடங்கின. இதனால் உயிரிழப்பும் உடலுழைப்பும் குறைந்தன; அதற்காக வருந்துவது அறிவுடைமையாகாது. பாயோட்டம் இன்று விளையாட்டாகவும் பயிற்சியாகவும் எஞ்சியுள்ளது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டார். அப்போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. இந்தியக் கடற்படையின் பெண் அலுவலர் அறுவர் 'தாரிணி' என்னும் பாய்க்கலத்தில் 2017–2018இல் உலகை வலம்வந்தனர். இச்செய்திகளை எழுதிய நாளிதழ்களுக்குப் 'பாய்மரம்' என்னும் சொல் ஆயத்தமாகக் கிடைத்தது.

ஆனால் பருமலும் தாமானும் கச்சானும் அவ்வாறு கிடைக்கவில்லை. பாய் என்னும் சொல்லுக்கு வீட்டிலும் வயலிலும் பாடநூலிலும் புகலிடம் உண்டு, அது வாழும். அதனைச் சூழ்ந்திருந்த சொற்களுக்குக் கடலைத் தவிர வேறு வீடில்லை. 'இதை'யும் 'கூம்பு'ம் வழக்கொழிந்தபோது அவற்றைக் காக்க மதுரைக்காஞ்சியும் புறநானூறும் இருந்தன. இவற்றைக் காக்க இன்று இருப்பது, பாய்பிடித்துக் காய்த்துப்போன கைகளையுடைய முதியவர்களின் நினைவு மட்டுமே.

ஆகவே, கடற்கரை ஊர்களினின்று இக்கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை உடன்கொண்டு செல்லுங்கள். பாட்டனாரிடமும் அவர்தம் தோழர்களிடமும் அமர்ந்து, பாயின் ஒவ்வொரு மூலைக்கும், ஒவ்வொரு கயிற்றுக்கும், ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் கேளுங்கள். கேட்ட ஒலியை மாற்றாமல், ஊர்ப்பெயரோடும் நாளோடும் எழுதுங்கள். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியோர்களும் பிள்ளைகள் கேட்கும் வரை காத்திராமல் தாமே சொல்ல முன்வர வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் இருபது சொற்கள் கிடைத்தாலும், நம் துறையின் பேராசிரியர்கள் அவற்றைத் தொகுத்து ஒரு சிறு கடற்சொல் அகராதியை உருவாக்க இயலும். இன்றே தொடங்கினால், அறிந்து சொல்ல ஆளிருக்கும் காலத்திலேயே அதை முடித்துவிடலாம்.